லொயோலா முதல் மன்ரேசா வரை: ஆன்ம சோதனை உருவான வழி

ஆன்ம சோதனை என்பது கிறிஸ்தவர் ஒருவர் தம் நாளைக் கடவுளின் முன்னிலையில் திரும்பிப் பார்க்கும் செபம். அதற்குக் கால் மணி நேரம் போதும். புத்தகமோ ஆலயமோ கட்டாயமில்லை. நண்பகலில் ஒருமுறையும் இரவு உறங்கப் போகுமுன் ஒருமுறையும் செய்வது மரபு. எழுந்தது முதல் நடந்தவற்றை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்து, பெற்ற நன்மைக்கு நன்றி சொல்லி, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, அடுத்த பொழுதுக்கு அருள் வேண்டுவதே இதன் சாரம்.

திருச்சபையில் இது மிகப் பழைய வழக்கம். தன்னை ஆராய்ந்து அறியும்படி 139ஆம் திருப்பாடல் கடவுளையே வேண்டுகிறது. ஆண்டவரின் அப்பத்தை உண்ணுமுன் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிய வேண்டும் என்று கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் எழுதினார். எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த வனத்து அந்தோனியார், பிறரிடம் எடுத்துச் சொல்லப் போவதைப் போலவே செயல்களையும் மன அசைவுகளையும் எழுதிவைக்கத் தம் சீடர்களுக்கு அறிவுரை கூறினார் என்று புனித அத்தனாசியார் பதிவு செய்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பழக்கத்துக்கு ஐந்து படிகள் கொண்ட எளிய ஒழுங்கைத் தந்து, வணிகரும் மாணவரும் இல்லறத்தாரும் கைக்கொள்ளும்படி செய்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார்.

இந்த ஐந்து படிகளும் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. ஒரு மனிதர் நோயிலும் நடையிலும் மனக்கலக்கத்திலும் கற்ற பாடங்கள் அவை. கற்ற இடங்களெல்லாம் வட ஸ்பெயினில் ஒரே வழியில் அமைந்திருக்கின்றன. பாஸ்க் நாட்டின் லொயோலாவில் தொடங்கி, ல ரியோஹா, நவார்ரா, அரகோன் பகுதிகளைக் கடந்து, கத்தலோனியாவின் மன்ரேசா நகரில் முடியும் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நடைப்பாதை அது. இஞ்ஞாசியார் 1522ஆம் ஆண்டில் சென்ற வழியை ஒட்டி அமைந்த இப்பாதை 27 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சுவர்களிலும் கம்பங்களிலும் தீட்டப்பட்ட ஆரஞ்சு நிற அம்புக்குறிகள் திசை காட்டுகின்றன. இதில் நடப்பவர் ஆன்ம சோதனையின் ஒவ்வொரு பகுதியும் எங்கே, எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதை வரிசையாகக் காண முடிகிறது.

லொயோலா: மன அசைவைக் கவனித்தல்

கிபுஸ்கோவா மாநிலத்தில் உரோலா ஆற்றங்கரையில் அஸ்பெய்தியா என்னும் சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் மழையில் நனைந்த பச்சை மலைகள். ஊரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் லொயோலா குடும்பத்தின் கோட்டை வீடு நிற்கிறது. அதன் கீழ்ப்பகுதி தடித்த கருங்கல், மேல்தளங்கள் செங்கல். பாஸ்க் பிரபுக் குடும்பங்களின் ஓயாத சண்டையை அடக்க, காஸ்தீல் மன்னர் நான்காம் என்ரிக்கே இத்தகைய கோட்டைகளின் மேற்பகுதியை இடிக்கச் செய்தார்; லொயோலா குடும்பம் அதைப் பின்னர் செங்கல்லால் எழுப்பிக்கொண்டது. இன்று அந்த வீட்டைத் தன்னுள் அணைத்தபடி, கார்லோ ஃபொன்தானா வரைந்த திட்டத்தின்படி கட்டப்பட்ட பரோக் பாணிப் பேராலயம் பெரிய குவிமாடத்துடன் நிற்கிறது.

பின்னாளில் இஞ்ஞாசியார் என்று அறியப்பட்ட இனிகோ 1491இல் இந்த வீட்டில் பிறந்து, போர்ப் பெருமையிலும் அரசவை வாழ்விலும் நாட்டம் கொண்டு வளர்ந்தார். 1521 மே 20 அன்று பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய வலது கால் முறிந்தது. அவரைத் தூக்கிவந்து வீட்டின் மேல்தளத்து அறையில் கிடத்தினார்கள். எலும்பு கோணலாகக் கூடியதால் மீண்டும் உடைத்துச் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே துருத்திய எலும்பு இறுக்கமான காலணி அணியத் தடையாக இருக்கும் என்று, அதையும் அறுத்தெடுக்கும்படி அவரே கேட்டார். மயக்க மருந்து இல்லாத காலம் அது.

படுக்கையில் பொழுது போக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். அவை அந்த வீட்டில் இல்லை. இருந்தவை சாக்சனி லுதோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும்தாம். அவற்றைப் படித்தும் பகல்கனவு கண்டும் நாள்களைக் கழித்தவர், தமக்குள் நடந்த ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினார். உயர்குலப் பெண் ஒருத்தியின் பொருட்டுச் செய்யவிருக்கும் வீரச் செயல்களை மணிக்கணக்கில் எண்ணி மகிழ்ந்தபின், உள்ளம் வறண்டு சலித்தது. பிரான்சிஸ், தோமினிக் போன்ற புனிதர்களைப் பின்பற்றி எருசலேமுக்கு வெறுங்காலுடன் நடப்பதை எண்ணியபோதோ, எண்ணம் கலைந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இரண்டு எண்ணங்களும் வரும்போது இனித்தன. விட்டுச் சென்ற சுவடு வேறாக இருந்தது. ஆன்ம சோதனையின் அடிப்படை இங்கே விழுந்தது. எண்ணம் எங்கிருந்து வந்தது, எங்கே கொண்டுபோய்விட்டது என்று பார்ப்பதே அது.

அந்த மேல்தள அறை இன்று மனமாற்றச் சிற்றாலயமாக இருக்கிறது. வண்ணம் தீட்டிய மரச்சிற்பம், கையில் புத்தகத்துடன் மேலே பார்த்தபடி இருக்கும் இனிகோவைக் காட்டுகிறது. படித்தவற்றில் முக்கியமானதை அவர் இங்கே நேர்த்தியான கையெழுத்தில், கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பிலும் மரியாவின் சொற்களை நீலத்திலும் எழுதி, 300 பக்கம் அளவில் ஒரு குறிப்பேடு ஆக்கினார். வாசித்ததையும் உணர்ந்ததையும் எழுதிவைக்கும் அந்தப் பழக்கமே பின்னாளில் *ஆன்மிகப் பயிற்சிகள்* நூலாக வளர்ந்தது.

அரான்சசுவிலிருந்து எப்ரோ சமவெளி வரை: தேர்ந்து தெளிதல்

1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இனிகோ கோவேறு கழுதை ஏறிப் புறப்பட்டார். முதலில் சென்றது மலைமேல் உள்ள அரான்சசு அன்னை திருத்தலம். அங்கே ஓர் இரவு விழித்திருந்து செபித்தார். முள்மரம் ஒன்றில் ஆட்டிடையர் கண்டெடுத்ததாகக் கூறப்படும் சிறிய கற்சிலைதான் அங்கு வணங்கப்படுகிறது. இப்போதைய பேராலயம் 1950இல் தொடங்கிக் கட்டப்பட்டது. அதன் கோபுரங்கள் முழுதும் முள்ளைப்போல் செதுக்கிய கற்கள். முகப்பில் சிற்பி ஒதெய்ஸா வடித்த திருத்தூதர்கள். இரும்புக் கதவுகள் சிற்பி சியீதாவின் கைவண்ணம். பீச் மரக்காடுகளும் சுண்ணாம்புக்கல் சிகரங்களும் சூழ்ந்த இந்தக் கட்டம் ஏற்றம் மிகுந்தது.

மலையிறங்கித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நவர்ரேத்தே ஊரை அடைந்த இனிகோ, தாம் பணிசெய்த நாகெரா கோமகன் தரவேண்டிய ஊதியப் பாக்கியைப் பெற்றுக் கடன்களைத் தீர்த்தார். சீர்கெட்டிருந்த மாதா படம் ஒன்றைப் புதுப்பிக்க ஒரு பகுதியைக் கொடுத்தார். உடன்வந்த பணியாளர்களை அனுப்பிவிட்டுத் தனியே கோவேறு கழுதையில் சென்றார். இங்கிருந்து லொக்ரோன்யோ வரை, சந்தியாகு திருத்தலம் நோக்கி மேற்கே செல்லும் திருப்பயணிகள் எதிரே வருவார்கள். மன்ரேசா செல்பவர் கிழக்கு நோக்கிப் போகிறார்.

எப்ரோ ஆற்றை ஒட்டிக் கலாஓர்ரா, துதேலா, சரகோசா என்று வழி நீள்கிறது. இந்தச் சமவெளியில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை இஞ்ஞாசியார் முதுமையில் மறைக்காமல் சொன்னார்; பெத்ரோலா ஊருக்கு அருகே அது நிகழ்ந்ததாக மரபு. வழித்துணையாக வந்த இஸ்லாமியர் ஒருவர் அன்னை மரியாவின் கன்னிமை பற்றிக் கருத்து வேறுபட்டுப் பேசிவிட்டு முன்னே சென்றுவிட்டார். மரியாவின் பெருமையைக் காக்க அவரைக் கத்தியால் குத்த வேண்டுமோ என்று இனிகோ தவித்தார். முடிவெடுக்க இயலாமல், பாதை பிரியுமிடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை அந்த மனிதர் போன வழியில் சென்றால் குத்துவது, நெடுஞ்சாலையில் சென்றால் விட்டுவிடுவது என்று எண்ணம். கழுதை நெடுஞ்சாலையில் நடந்தது.

பக்தி நிறைந்த ஆர்வம் ஒருவரைக் கொலையின் விளிம்புவரை கொண்டுபோகும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. நல்ல நோக்கம் மட்டும் போதாது. உள்ளே எழும் வேகத்தை நிறுத்திப் பார்க்கும் தெளிவும் வேண்டும். கடவுளின் திருவுளம் எது, தன் சினமோ பெருமையோ எது என்று பிரித்தறியும் கலையை இனிகோ அப்போது கற்றிருக்கவில்லை. பின்னாளில் அவர் எழுதிய தேர்ந்து தெளிதலுக்கான விதிகளின் தேவை இந்த வழியில்தான் வெளிப்பட்டது.

சரகோசாவைத் தாண்டியதும் மொனேக்ரோஸ் வறண்ட நிலம். புகரலோஸ், கந்தாஸ்னோஸ் ஊர்களுக்கிடையே மர நிழல் அரிது. கோடையில் வெயில் கடுமையானது. எனவே வசந்த காலமும் இலையுதிர் காலமுமே நடைக்கு ஏற்றவை. பேச்சுத் துணை இல்லாத இந்த நீண்ட நாள்களில், நடப்பவர்களுக்குத் தம் எண்ண ஓட்டத்தைக் கேட்கும் வாய்ப்பு அமைகிறது. யெய்தா நகருக்கு அப்பால், கார்தஹேனாத் துறைமுகத்தில் ஆப்பிரிக்க அடிமைகளுக்குத் தொண்டு செய்த இயேசு சபைப் புனிதர் பீட்டர் கிளேவர் பிறந்த வெர்து ஊரும் இப்பாதையில் வருகிறது.

மொன்செர்ராத்: மன்னிப்புக் கேட்டல்

இகுவலாதாவைக் கடந்தால் அடிவானத்தில் ரம்பப் பற்களாய் எழும் மொன்செர்ராத் மலை தென்படும். 1,236 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் இடுப்பில் பெனடிக்ட் சபைத் துறவியர் மடம் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் மடாதிபதி ஒலிபா நிறுவியது. கத்தலோனியர் 'மொரெனேதா' என்று அன்போடு அழைக்கும் கருநிற மரியன்னையின் மரச்சிலை பீடத்தின் மேலே வீற்றிருக்கிறது. பள்ளிச் சிறுவர்களின் பாடகர் குழு இன்றும் இங்கே பாடுகிறது. பார்சிலோனாவிலிருந்து வருவோர் பற்சக்கர ரயிலில் மேலேறலாம். நடைப்பயணிகள் பாறைகளுக்கு இடையிலான பாதையில் வந்து சேர்கிறார்கள்.

இந்த மடத்தில் முறையான செபத்துக்கு ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது. மடாதிபதி கார்சியா சிஸ்னேரோஸ் தியானத்தை வாரம், நாள் என ஒழுங்குபடுத்தி எழுதிய பயிற்சி நூல் 1500இல் மடத்தின் அச்சுக்கூடத்திலேயே வெளியாயிற்று. 1522 மார்ச்சில் வந்த இனிகோ, தம் வாழ்நாள் பாவங்களை எழுத்தில் ஆயத்தம் செய்து, மூன்று நாள் எடுத்துக்கொண்டு பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பிறகு மார்ச் 24 இரவு தம் உயர்ந்த உடைகளை ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத்துணி அணிந்தார். வாளையும் குத்துவாளையும் மரியன்னையின் பீடத்தில் விட்டுவிட்டு விடியும்வரை நின்றும் முழந்தாளிட்டும் விழித்திருந்தார்.

வாழ்நாள் முழுவதையும் ஒருமுறை எழுதிப் பார்த்த இந்த மூன்று நாள் உழைப்பு, பின்னர் அவர் தினமும் செய்யவும் செய்விக்கவும் விரும்பிய சிறு ஆய்வுக்கு முன்னோடி. பாவத்தைப் பொதுவாக ஒப்புக்கொள்வது எளிது. இன்ன நாளில், இன்ன சொல்லால், இன்னாரைப் புண்படுத்தினேன் என்று காண்பதற்கு நேர்மையும் நேரமும் தேவை.

மன்ரேசா: நன்றியில் தொடங்குதல்

மலையிலிருந்து ஒரு நாள் நடையில் மன்ரேசா. கார்தனேர் ஆற்றின் மேல் வளைந்து நிற்கும் பழைய கற்பாலத்தைக் கடந்தால், பெரெங்கேர் தெ மொந்தகூத் திட்டமிட்டு 1328இல் தொடங்கிய சேவு என்னும் கோத்திக் ஆலயம் குன்றின் மேல் எழுகிறது. சில நாள் தங்கிப்போக வந்த இனிகோ இந்த நகரில் 1523 பிப்ரவரி வரை, பதினொரு மாதம்போலத் தங்கிவிட்டார். சாந்த லூசியா மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிசெய்தார். தெருவில் பிச்சை ஏற்று உண்டார். நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார்.

முதல் சில மாதங்கள் அமைதியாகச் சென்றன. பின் பாவ அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. மொன்செர்ராத்தில் சொன்னதில் ஏதோ விட்டுப்போயிற்று என்று மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஒவ்வொரு முறையும் புதிய நெருடல் முளைத்தது. தோமினிக்கன் மடத்து அறையில் தங்கியிருந்தபோது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்தது. கடவுள் அமைதி தரும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். ஆன்ம குரு கட்டளையிட்ட பின்னரே உண்டார். கடைசியில், இந்த நெருடல்கள் எந்த வழியாக உள்ளே வந்தன என்று லொயோலாவில் கற்ற முறையிலேயே ஆராய்ந்தார். அவை தம்மைக் கடவுளிடமிருந்து விலக்கி, தாம் ஏற்ற புதிய வாழ்வையே வெறுக்கச் செய்கின்றன என்று கண்டார். பழைய பாவங்களை இனித் திரும்பச் சொல்வதில்லை என்று உறுதி செய்துகொண்டதும் விடுதலை கிடைத்தது.

ஆன்ம சோதனையைப் புரிந்துகொள்ள இந்தக் கட்டம் மிகவும் இன்றியமையாதது. தன்னை மட்டுமே பார்க்கும் ஆய்வு மனிதரை நொறுக்கிவிடும். இஞ்ஞாசியார் வகுத்த முறை நன்றியில் தொடங்குவதன் காரணத்தை இந்த அனுபவம் விளக்குகிறது. அன்பு செய்யும் ஒருவரின் முன்னிலையில் நின்ற பிறகே குறைகளைப் பார்க்கத் துணிவு வருகிறது. அந்த வரிசை மாறினால் செபம் தன்வதையாகத் திரும்பும்.

அந்த ஆண்டிலேயே ஒருநாள், புனித பவுல் ஆலயத்துக்குச் செல்லும் வழியில், கீழே ஆழமாக ஓடிய கார்தனேர் ஆற்றை நோக்கி அமர்ந்திருந்தபோது, காட்சி எதுவும் தோன்றாமலேயே பெரும் அறிவுத் தெளிவு உண்டாயிற்று. 60 வயது கடந்தும் வாழ்வில் பெற்ற அறிவு முழுவதையும் கூட்டினாலும் அந்த ஒரு வேளைக்கு ஈடாகாது என்று அவர் நினைவுகூர்ந்தார். பள்ளி ஆசிரியர் ஒரு சிறுவனுக்குச் சொல்லித்தருவதுபோல் கடவுள் தமக்கு மன்ரேசாவில் கற்பித்தார் என்பதும் அவர் கூற்று.

ஆற்றை நோக்கிய பாறைச்சரிவில் அவர் தனித்துச் செபித்த குகை உள்ளது. இன்று அதை ஒட்டிப் பரோக் ஆலயமும், பல நாட்டவர் வந்து மௌனத்தில் தியானம் செய்யும் இல்லமும் அமைந்துள்ளன. நடைப்பயணிகள் தங்கள் கையேட்டில் கடைசி முத்திரையைப் பெறுவது இங்கேதான்.

ஐந்து படிகள்

மன்ரேசாவில் எடுத்த குறிப்புகள் பல ஆண்டுகள் செப்பனிடப்பட்டன. *ஆன்மிகப் பயிற்சிகள்* நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் வழங்கினார். அதன் 43ஆம் எண் பத்தியில் பொது ஆய்வின் ஐந்து படிகள் தரப்பட்டுள்ளன.

முதலாவது, பெற்ற நன்மைகளுக்குக் கடவுளுக்கு நன்றி கூறுதல். இரண்டாவது, தன் பாவங்களை அறியவும் அவற்றை அகற்றவும் அருள் கேட்டல். மூன்றாவது, எழுந்த நேரம் முதல் இந்த நேரம் வரை, மணி மணியாகவோ பொழுது பொழுதாகவோ, எண்ணத்தையும் சொல்லையும் செயலையும் ஆராய்தல். நான்காவது, மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது, அருளின் துணையோடு திருத்திக்கொள்ள உறுதி கொள்ளுதல். கர்த்தர் கற்பித்த செபத்துடன் இது நிறைவுறும்.

இதற்கு இணையாகத் தனி ஆய்வு என ஒன்றும் உண்டு. சினம், பொய், புறணி என்று ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு போராடும் முறை அது. காலையில் எழுந்ததும் அக்குறையை விலக்க உறுதி கொள்ள வேண்டும். விழும்போதெல்லாம் பிறர் அறியாதபடி மார்பில் கை வைத்து மனம் வருந்த வேண்டும். நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை தவறியது என்று எண்ணிப் புள்ளி குறிக்க வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு இணை. நூலிலுள்ள வரைபடத்தில் கோடுகள் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போகின்றன. தவறுகளும் அவ்வாறே குறைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நேற்றுடன் இன்றையும், சென்ற வாரத்துடன் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது நூல்.

ஆன்ம சோதனையும் ஒப்புரவு அருட்சாதனமும் ஒன்றல்ல. அருட்சாதனம் குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது. ஆன்ம சோதனை நாள்தோறும் தனியே செய்யப்படுவது, பாவத்தோடு நிற்காமல் நாள் முழுவதையும் தழுவுவது. அலுவலகத்தில் வந்த எரிச்சல், பிள்ளையிடம் பேசிய கடுஞ்சொல், எதிர்பாராமல் கிடைத்த உதவி, நோயாளி அருகே அமர்ந்தபோது கிடைத்த அமைதி ஆகிய யாவும் இதன் பொருள்கள். எது நம்பிக்கையையும் அன்பையும் வளர்த்தது என்பதை ஆறுதல் என்றும், எது வறட்சியிலும் சோர்விலும் தள்ளியது என்பதைத் துயர்நிலை என்றும் இஞ்ஞாசிய மரபு குறிப்பிடுகிறது. பல வாரம் தொடர்ந்து கவனித்தால் ஒருவருக்குத் தம் உள்ளத்தின் போக்கு பிடிபடும். பெரிய முடிவுகளை எடுக்கும்போது அந்த அறிவு கைகொடுக்கும்.

வழி தந்த பயன்

1540இல் ஏற்பளிக்கப்பட்ட இயேசு சபையின் உறுப்பினர்கள் நாள்தோறும் இருமுறை ஆன்ம சோதனை செய்கிறார்கள். படிப்பிலோ பணியிலோ அமிழ்ந்திருப்பவர்கள் நீண்ட தியானத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இதை விட்டுவிடக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் எண்ணமாக இருந்தது. ஒதுங்கிப்போக முடியாத பொதுநிலையினர் தம் வேலையில் இருந்தபடியே பயிற்சிகளைச் செய்யவும் நூலின் 19ஆம் முன்குறிப்பு வழி வகுத்திருக்கிறது.

இந்த மரபு தமிழகத்துக்கும் விரைவில் வந்து சேர்ந்தது. இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களுள் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப்பின் அங்கு உழைத்த இயேசு சபைக் குரு அன்றிக்கே அன்றிக்கசு, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் *கொம்பெசியோனாயரு* நூலைத் தமிழில் ஆக்கினார். அது 1580இல் கொச்சியில் அச்சேறியது. தமிழ் அச்சின் தொடக்க கால நூல்களிலேயே தன்னாய்வுக்கான நூல் ஒன்றும் இடம்பெற்றது இவ்வாறே. ஞானஒடுக்கம், தியானம் என்ற பெயர்களில் தமிழ்க் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் மௌன நாள்களில் இந்த ஐந்து படிகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன.

650 கிலோமீட்டரை நடந்தே கடக்க ஒரு மாதம் வேண்டும். நேரமில்லாதவர்கள் லொயோலா, மொன்செர்ராத், மன்ரேசா மூன்றை மட்டும் ரயிலிலும் பேருந்திலும் சென்று பார்க்கிறார்கள். பார்சிலோனாவிலிருந்து மன்ரேசாவுக்கு நேரடி ரயில்கள் உள்ளன. எவ்வாறு சென்றாலும் இவ்வழி கற்பிப்பது ஒன்றே. கடவுள் மனிதரை நடத்துவது அவர் கடந்துவந்த நாளின் வழியாகத்தான். அந்த நாளைப் பாராமல் விட்டால் கடவுள் பேசியதும் கேளாமல் போகிறது. நன்றியோடு தொடங்கி, உண்மையோடு பார்த்து, மன்னிப்பை ஏற்று, மறுநாள் செய்ய வேண்டிய ஒரு சிறு திருத்தத்தைத் தீர்மானித்து முடிப்பதே ஆன்ம சோதனை. அந்தத் திருத்தம் மறுநாள் வீட்டிலும் வேலையிடத்திலும் நடைமுறைக்கு வரும்போதுதான் அந்தக் கால் மணி நேரச் செபம் பலன் தருகிறது.